பதின்மூன்று பேர் போதும் என்கிறது கணினி. லைன் ஏன் நிற்கிறது?

தொழிற்கூடக் கேள்வி – பதில்

கேள்வி: ஒரகடம் பக்கம் கார்களுக்கான வயரிங் ஹார்னஸ், அதாவது மின்வயர்களின் கட்டு, தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடராக இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் தினமும் வாலாஜாவிலிருந்து போய்வருகிறேன். எங்கள் லைனில் 14 பேர் வேலை செய்தோம். யார் எந்த வேலையைச் செய்வது என்று தானாகவே பிரித்துத் தரும் மென்பொருளை நிர்வாகம் வாங்கியது. அது 13 பேர் போதும் என்று காட்டியதால் ஒருவரை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து லைன் அடிக்கடி நிற்கிறது. ஆட்களுக்கு வேகம் போதவில்லை என்று மேலே சொல்கிறார்கள். உண்மையில் தவறு எங்கே இருக்கிறது? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பியுள்ள எண்களைக் கொண்டே இதைப் பார்த்துவிடலாம். உங்கள் ஷிப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30 நிமிடமும் இரண்டு தேநீர் இடைவேளைகளுக்குத் தலா 10 நிமிடமும் கழித்தால் 430 நிமிடம், அதாவது 25,800 வினாடி மிஞ்சும். ஒரு ஷிப்டில் 215 ஹார்னஸ் கேட்கிறார்கள். ஆகவே 120 வினாடிக்கு ஒன்று லைனை விட்டு இறங்க வேண்டும். இதைத்தான் டாக்ட் டைம் என்கிறோம். ஒரு ஹார்னஸில் உள்ள கைவேலை முழுவதையும் கூட்டினால் 1,512 வினாடி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை 120 ஆல் வகுத்தால் 12.6, மென்பொருள் அதை மேல்நோக்கி முழு எண்ணாக்கி 13 என்றது. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை எதுவும் இல்லை.

ஆனால் அந்த 13 என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். 13 பேரிடம் இருக்கும் மொத்த நேரம் 1,560 வினாடி. அதில் 1,512 வினாடி வேலைக்கே போய்விட்டால், ஒருவருக்கு மூச்சுவிடக் கிடைப்பது சராசரியாக நான்கு வினாடிக்கும் குறைவு. 14 பேர் இருந்தபோது அது 12 வினாடியாக இருந்தது. அந்த 12 வினாடியை வீண் நேரம் என்று மென்பொருள் கருதியது. உங்கள் லைன் நிற்காமல் ஓடியதே அந்த 12 வினாடியால்தான் என்பது என் கருத்து.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கையசைவை அருகிலிருந்து பார்த்தால் போதும். தொட்டியிலிருந்து ஒரு வயரை எடுக்கிறோம். அதன் முனையில் உள்ள உலோக டெர்மினலுக்குச் சற்றுப் பின்னால் பிடிக்கிறோம். கனெக்டர் என்னும் பிளாஸ்டிக் கூட்டில் எந்தத் துளை என்று பார்த்து, டெர்மினலைச் சரியான பக்கம் திருப்பி, உள்ளே தள்ளுகிறோம். ‘கிளிக்’ என்று பூட்டியதும் லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்கிறோம். சந்தடி மிகுந்த கூடத்தில் அந்தக் கிளிக்கைக் காதைவிட விரல்தான் முதலில் உணரும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இது சில வினாடி வேலை. தொட்டியில் வயர்கள் சிக்கியிருந்தாலோ, டெர்மினலின் நாக்கு சற்றே வளைந்திருந்தாலோ, இழுத்ததும் வெளியே வந்துவிட்டாலோ, அதே வேலை இரு மடங்கு நேரம் எடுக்கும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து முறை அளந்து சராசரி எடுத்தவர் ஒரே எண்ணைத்தான் மென்பொருளுக்குக் கொடுத்திருப்பார். சராசரி என்றாலே, ஏறக்குறைய பாதித் தடவை அதைவிட அதிக நேரம் ஆகும் என்றுதான் பொருள். ஹார்னஸை விரித்து வைக்கும் போர்டுகள் சங்கிலியில் நகர்ந்துகொண்டே இருக்கும் லைனில் ஒருவர் தாமதித்தால் அந்தப் போர்டு அவருக்காகக் காத்திருக்காது. அவர் அடுத்தவரின் இடத்துக்குள் நுழைந்து முடிப்பார், இல்லையென்றால் லைனை நிறுத்துவார். வேகக் குறைவு என்று மேலே சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

நேரத்தைப் போலவே வரிசையையும் சரிபார்க்க வேண்டும். எந்த வேலைக்கு முன் எந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதை மென்பொருளுக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். டிராயிங்கில் இருப்பது முடிந்த ஹார்னஸின் உருவம். எதை முதலில் செய்வது என்பது அதில் எழுதியிருக்காது. கதவு ஓரத்தில் வயர்கள் நுழைந்து வரும் ரப்பர் வளையமான குரோமெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துளையைவிடக் கனெக்டர் பெரியது என்றால், வயர்களைக் கனெக்டரில் செருகும் முன்பே குரோமெட்டைக் கோத்துவிட வேண்டும். கனெக்டரில் டெர்மினல்கள் கழலாமல் பிடிக்கும் இரண்டாம் பூட்டான செகண்டரி லாக்கை, அந்தக் கனெக்டருக்குரிய கடைசி டெர்மினலும் உள்ளே போன பிறகுதான் அழுத்த முடியும். லைனில் ஒருவர் நின்று வேலை செய்யும் இடத்தை ஸ்டேஷன் என்கிறோம்; ஒரே கனெக்டரின் வேலையை மூன்றாம் ஸ்டேஷனுக்கும் ஏழாம் ஸ்டேஷனுக்கும் பிரித்துப் போட்டால், அது நான்கு ஸ்டேஷன் தூரம் பூட்டப்படாமலே பயணம் செய்யும். சரியாக உட்காராத டெர்மினல் ஏதேனும் இருந்தால் வழியில் கழன்று பின்வாங்கும். கணினித் திரையில் இந்தப் பிரிப்பு மிக நேர்த்தியாகவே தெரியும்.

இதில் எனக்கும் ஒரு பட்டறிவு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு லைனை இரவெல்லாம் உட்கார்ந்து எக்செல் தாளில் சமன் செய்தேன். எல்லா ஸ்டேஷனும் இரண்டு மூன்று வினாடி வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன. மறு நாளிலிருந்து சோதனைப் போர்டில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரும் கறுப்பில் சாம்பல் கோடு போட்ட வயரும் துளை மாறிப் போயின. முன்பு அவை இரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன. ஐந்து வினாடி மிச்சம் பிடிப்பதற்காக நான்தான் அவற்றை ஒரே ஸ்டேஷனில் சேர்த்திருந்தேன். அங்கே நெடுநாள் வேலை செய்த அக்கா ஒருவர், “டியூப்லைட் வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணுதான் சார், அதனாலதான் முன்னாடியே பிரிச்சு வெச்சிருந்தோம்” என்றார். அந்தச் செய்தி எந்த ஆவணத்திலும் இல்லை. அவரை நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். அன்று முதல், ஒன்றாக வைக்கக் கூடாத வேலைகள் என்று ஒரு பட்டியலை லைனில் நிற்பவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளாமல் நான் எந்தக் கணக்கையும் தொடங்கியதில்லை.

ஆகவே, உங்கள் ஆட்களிடம் தவறு இல்லை. மென்பொருளையும் குறை சொல்வதற்கில்லை. கொடுத்ததற்கு அது சரியாக விடை தந்திருக்கிறது. நிர்வாகத்திடம் வாதாடுவதைவிட, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு முறை லைன் நிற்கும்போதும் எந்த ஸ்டேஷன், எந்த வேலை, எத்தனை வினாடி தாமதம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிறுத்தங்கள் இரண்டு மூன்று ஸ்டேஷன்களிலேயே குவிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்த நோட்டுடன் போய், மென்பொருளில் டாக்ட் டைமை 120 என்று வைப்பதற்குப் பதிலாக ஒரு ஸ்டேஷனின் உச்ச வரம்பை 110 என்று வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். 1,512 ஐ 110 ஆல் வகுத்தால் 13.7, அதே மென்பொருளே 13 பேர் போதாது, குறைந்தது 14 பேர் வேண்டும் என்று சொல்லிவிடும்.

கேள்வி: காட்பாடியில் ஆறு பேரை வைத்து மின் ஸ்கூட்டர்களுக்குச் சிறிய ஹார்னஸ் செய்து தருகிறேன். இத்தகைய மென்பொருள் எனக்குத் தேவையா? (காட்பாடி வாசகர்)

பதில்: தேவையில்லை. ஆறு பேர், இருபது முப்பது வேலைகள் என்றால் ஒரு எக்செல் தாளும் சுவரில் ஒட்டிய ஒரு அட்டையும் போதும். அந்தப் பணத்தில் டெர்மினலை வயரில் நெரித்துப் பொருத்தும் நல்ல கிரிம்பிங் அப்ளிகேட்டர் ஒன்றையும், கிரிம்ப் உயரத்தை அளக்கும் மைக்ரோமீட்டரையும் வாங்குங்கள்.

கேள்வி: குடியாத்தத்தைச் சேர்ந்த நான் டிப்ளமா மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேலைகளை ஆட்களுக்குச் சமமாகப் பிரிக்கும் லைன் பேலன்சிங்கைக் கணினியில் தானியங்கியாகச் செய்வதை ப்ராஜெக்டாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? எல்லா வாய்ப்புகளையும் கணினியே முயன்று பார்த்துவிடாதா? (குடியாத்தம் மாணவர்)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 20 வேலைகளை வரிசைப்படுத்தக்கூடிய வழிகள், எந்தக் கட்டுப்பாடும் இல்லாதபோது, 19 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். முன்–பின் நிபந்தனைகள் அதை வெகுவாகக் குறைக்கும் என்றாலும், நூற்றுக்கணக்கான வேலைகள் உள்ள ஒரு கார் ஹார்னஸுக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால்தான் 1955 இல் சால்வசன் என்னும் ஆய்வாளர் இந்தச் சிக்கலைக் கணித வடிவில் எழுதிய காலத்திலிருந்து இன்றுவரை, குறுக்குவழி விதிகளும் புத்திசாலித்தனமான தேடல் முறைகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

ஹெல்கெசன், பர்னி ஆகிய இருவரும் 1961 இல் வெளியிட்ட முறையை முதலில் கையால் செய்து பாருங்கள். ஒரு வேலையின் எடை என்பது, அதன் நேரத்தோடு, அது முடிந்தால்தான் தொடங்கக்கூடிய பின்வேலைகள் அனைத்தின் நேரத்தையும் கூட்டிய தொகை. எடை கூடியதை முதலில் ஸ்டேஷனில் வைக்க வேண்டும். இடம் போதாதபோது அடுத்த ஸ்டேஷனைத் திறக்க வேண்டும்.

ஒரு சிறு ஹார்னஸை வைத்துக்கொள்வோம். மெயின் வயர்களைப் போர்டில் விரிக்க 40 வினாடி. அதன் பிறகு முதல் கனெக்டரில் செருக 35, இரண்டாம் கனெக்டரில் செருக 50. முதல் கனெக்டர் முடிந்ததும் அதன் கிளைக்கு டேப் சுற்ற 30. இரண்டாம் கனெக்டர் முடிந்ததும் அதன் கிளைக்கு நெளிகுழாய் போட 25. இரண்டு கிளைகளும் முடிந்தபின் மெயின் டேப்பிங் 45, கடைசியாகக் கிளிப் மாட்ட 20. மொத்தம் 245 வினாடி. டாக்ட் டைம் 90 என்றால் குறைந்தது மூன்று பேர் வேண்டும். எடைகளைக் கணக்கிட்டால் விரிப்புக்கு 245, இரண்டாம் கனெக்டருக்கு 140, முதல் கனெக்டருக்கு 130, டேப்புக்கு 95, குழாய்க்கு 90, மெயின் டேப்பிங்குக்கு 65, கிளிப்புக்கு 20 என்று வரும். விதிப்படி நிரப்பினால் முதல் ஆளுக்கு விரிப்பும் இரண்டாம் கனெக்டரும் சேர்ந்து 90. இரண்டாம் ஆளுக்கு முதல் கனெக்டர், டேப், குழாய் சேர்ந்து 90. மூன்றாம் ஆளுக்கு மீதி 65.

இப்போது இதே வேலைகளை வேறு விதமாகப் பிரித்துப் பாருங்கள்: விரிப்பும் முதல் கனெக்டரும் 75, இரண்டாம் கனெக்டரும் முதல் கிளையின் டேப்பும் 80, குழாயும் மெயின் டேப்பிங்கும் கிளிப்பும் 90. முன்–பின் நிபந்தனை எதுவும் மீறப்படவில்லை. ஆட்களும் அதே மூவர், உச்ச நேரமும் அதே 90, செயல்திறனும் அதே 90.7 விழுக்காடு. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் ஒரே விடைதான். கூடத்தில் இரண்டும் ஒன்றல்ல. முதல் பிரிப்பில் இரண்டு பேர் வரம்பின் விளிம்பில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் பாதித் தடவை பிந்துவார்கள், ஒருவர் தாமதம் மற்றவரைச் சாராது என்று கொண்டால், நான்கு சுற்றில் ஒரு சுற்றில்தான் இருவரும் நேரத்துக்கு முடிப்பார்கள். இரண்டாம் பிரிப்பில் விளிம்பில் நிற்பவர் ஒருவர் மட்டுமே. ஒவ்வொரு ஸ்டேஷனும் உச்ச நேரத்திலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பதைச் சீர்மைக் குறியீடு என்பார்கள். முதல் பிரிப்புக்கு அது 25. இரண்டாவதற்கு ஏறக்குறைய 18. உங்கள் ப்ராஜெக்டின் உயிர் இந்த ஒப்பீட்டில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அதன்பின் அதே எண்ணிக்கைக்குள் சுமையைச் சமமாக்கும்படி நிரலை எழுதுங்கள்.

கையால் செய்து பழகிய பிறகு பைத்தான் நிரல்மொழியில் எழுதலாம். கூகுள் இலவசமாக வெளியிட்டுள்ள ஓஆர்-டூல்ஸ் என்னும் தொகுப்பில் உள்ள சிபி-சாட் என்ற தீர்வி இத்தகைய கணக்குகளுக்கு நன்கு பொருந்தும். இன்ன வேலை இன்ன ஸ்டேஷனில், முன்வேலையின் ஸ்டேஷன் எண் பின்வேலையின் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, இந்த இரண்டு வயர்கள் ஒரே ஸ்டேஷனில் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகளை ஏறக்குறைய பேசுவது போலவே அதில் எழுதிவிடலாம். நேரங்களுக்கு ஸ்டாப்வாட்சை மட்டும் நம்பாமல் எம்டிஎம் முறையையும் படித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மணி நேரத்தை 1,00,000 கூறுகளாகப் பிரித்து, கை நீட்டல், பற்றுதல், பொருத்துதல் என்று அசைவு அசைவாக நேரம் கொடுத்திருப்பார்கள். ஒரு கூறு 0.036 வினாடி. பெரிய நிறுவனங்களில் ஹார்னஸின் விவரம் கேபிஎல் போன்ற கோப்பு வடிவங்களில் கிடைக்கும். அதிலிருந்து எத்தனை வயர், எத்தனை டெர்மினல், எந்தக் கனெக்டரில் எந்தத் துளை என்று நிரலே எண்ணி வேலைப் பட்டியலின் முதல் வடிவை உருவாக்கிவிடும். டிசைன் மாறும்போதெல்லாம் பட்டியலைப் புதிதாகத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சமாவதுதான் தானியங்கி முறையின் மெய்யான பயன்.

கேள்வி: ஹார்னஸ் லைனில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். இப்போது கேமரா வைத்து எங்கள் நேரத்தை எடுக்கிறார்கள். கணினி எங்கள் வேலையைப் பறித்துவிடுமா? நேரம் எடுக்கும்போது நாங்கள் மெதுவாகச் செய்ய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். (ஆற்காடு வாசகி)

பதில்: சகோதரி, மறைக்காமல் சொல்கிறேன். வயரை அளந்து வெட்டுவது, முனையைச் சீவுவது, டெர்மினல் கிரிம்ப் செய்வது ஆகியவற்றை இயந்திரங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. நீங்கள் செய்யும் வேலை அப்படி எளிதில் போகாது. வயர் இரும்புத் துண்டு போல ஒரே நிலையில் நிற்பதில்லை, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வளைந்து தொங்குகிறது. அதைப் பிடித்து, பிரித்து, நிறம் பார்த்து, கிளைகளுக்கு நடுவே கொண்டுபோய்ச் செருகுவது ரோபோவுக்கு இன்னும் பெரும்பாடு. 2022 இல் உக்ரைனில் போர் தொடங்கி அங்கிருந்த ஹார்னஸ் தொழிற்சாலைகள் தடைப்பட்டபோது, ஜெர்மனியின் பெரிய கார் தொழிற்சாலைகள் சில உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அத்தனை பேரின் கைகளை ஓர் இயந்திரத்தால் உடனே ஈடுகட்ட முடியவில்லை.

ஆனால் லைன் பேலன்சிங் ஒரு லைனுக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும் என்பதும் உண்மை. அப்படி மிஞ்சும் ஒருவரை என்ன செய்வது என்பதை எந்த நிரலும் தீர்மானிப்பதில்லை, நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியை நிர்வாகத்திடமே நேராகக் கேளுங்கள்.

மெதுவாகச் செய்யாதீர்கள், அவசரமாகவும் செய்யாதீர்கள். கேமரா முன் சிலர் பதற்றத்தில் வழக்கத்தைவிட வேகமாகச் செய்து, பின்னால் வருடம் முழுவதும் அந்த வேகத்துக்குக் கட்டுப்பட்டுத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இழுத்துப் பார்க்கும் அசைவை ஒருபோதும் விடாதீர்கள். அதை விட்டுவிட்டுச் செய்த நேரம் பதிவானால், அதற்கென்று இனி நேரமே ஒதுக்க மாட்டார்கள். எதற்காக எடுக்கிறார்கள், எடுத்த எண்ணை உங்களுக்குக் காட்டுவார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. நான் அறிந்தவரை, எடுத்த நேரத்தை அந்த ஸ்டேஷனில் நிற்பவரிடமே காட்டி, “இது சரிதானா அம்மா?” என்று கேட்கும் இடங்களில்தான் கணக்கு நெடுநாள் நிற்கிறது.

கேள்வி: ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் லைனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்களுக்கும் இதே முறை பொருந்துமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: கூட்டல் கழித்தல் அப்படியே பொருந்தும். உங்களிடம் வேலையைக் கட்டிப்போடுவது தையல் இயந்திரம்; தூண் போல் உயர்ந்த தளமுள்ள போஸ்ட் மெஷினில் தைப்பதை, தட்டையான தளமுள்ள பிளாட் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தர முடியாது. அதையும் யாருக்கு எந்த மெஷின் ஓட்டத் தெரியும் என்பதையும் ஓர் அட்டவணையாக நிரலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சிறிய ஹார்னஸ் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். ஆடிக் கிருத்திகை, முகூர்த்த நாள்களில் 12 பேரில் இரண்டு மூன்று பேர் வருவதில்லை. காலையில் லைனைப் பிரிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: தானியங்கி முறை உங்களுக்குத்தான் உடனே கைகொடுக்கும். அன்று உங்கள் கேள்வி தலைகீழாகிறது: நேரம் இவ்வளவு என்றால் எத்தனை பேர் வேண்டும் என்பதல்ல, பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மிகக் குறைந்த சுற்று நேரம் எவ்வளவு என்பது. இதைக் காலை ஆறு மணிக்கு நின்றுகொண்டு மனக்கணக்காகப் போடத் தேவையில்லை. 12, 11, 10, 9 ஆட்களுக்கு நான்கு பிரிப்புகளை முன்னரே கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தாளாக அச்சிட்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்துவிடுங்கள். கணக்கிடும்போது ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: 12 பேர் பிரிப்பில் ஒருவர் செய்யும் வேலைகளில் முடிந்த அளவு, ஆள் குறைந்த பிரிப்புகளிலும் அவரிடமே இருக்க வேண்டும். கை பழகிய வேலை மாறினால் முதல் மணி நேரம் தவறுகளிலேயே போய்விடும்.

பத்துப் பேரை வைத்துப் பன்னிரண்டு பேரின் எண்ணிக்கையை எடுக்க முயலாதீர்கள். அன்றைய சுற்று நேரத்தை நிரல் சொல்லும். ஷிப்டின் வினாடிகளை அதனால் வகுத்து, அன்று எத்தனை ஹார்னஸ் இறங்கும் என்பதைக் காலையிலேயே டெஸ்பாட்சுக்குத் தெரிவித்துவிடுங்கள். முடிந்த ஹார்னஸைச் சோதிக்கும் செக்கர் போர்டில் நிற்பவரை மட்டும் எந்தப் பிரிப்பிலும் அசெம்பிளிக்கு இழுக்காதீர்கள். உங்களிடம் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், இன்னொருவரை இந்த மாதமே அவர் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள்.